தொரை குடுத்த கத்தியா, தாத்தா வாங்கின கத்தியா?

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரிக்கிற அளவுக்குச் சொத்து எதுவும் கிடையாது. மூணாறு மலையில் மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு சென்ட் நிலம் சேரவில்லை. லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு மலை இறங்க வேண்டியதுதான். அப்படி இறங்கியபோது தாத்தா மடியில் கட்டிக்கொண்டு வந்த பேனாக்கத்தி ஒன்று, அப்பா வழியாக எனக்கு வந்து, இப்போது லீட்ஸ் நகரத்தில் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. (பயப்படாதீர்கள், விமானத்தில் செக்-இன் பெட்டியில் போட்டுத்தான் கொண்டுவந்தேன். பூட்டு விழாத, வெட்டும் வாய் மூன்று அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்தியை இந்த ஊரில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நடக்கலாம். நான் அதையும் செய்வதில்லை :-))

இந்தக் கத்தி எங்கேயிருந்து வந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. தாத்தா பங்களா தோட்டத்தில் வேலை பார்த்தவர். ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுவதில் கைராசிக்காரர் என்று பெயர்.

அப்பாவின் கதை: "தொரை சீமைக்குத் திரும்பிப் போறப்போ தாத்தாவைக் கூப்பிட்டுக் கையில குடுத்துட்டுப் போனாரு."

அத்தையின் கதை: "தொரையாவது, குடுக்கறதாவது! போடிக்கு எறங்குனப்ப எங்கப்பா கடையில காசு குடுத்து வாங்குனது. அந்தக் கோவத்துல அம்மா ரெண்டு நாள் அவருகூடப் பேசலையாம்."

கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சபையில் ஜெயிப்பது அப்பாவின் கதைதான். அது ஏன் ஜெயிக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கத்தியே தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். வீட்டில் தாத்தா காலத்துக் கத்தி வைத்திருக்கிறவர்களுக்கும் பயன்படும்.

பழைய கத்தியின் பூர்வீகம் தெரிய வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது பிடியை அல்ல. அலகை விரித்து, அது பிடிக்குள் மடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், கூர் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் சப்பையான பகுதியைப் பாருங்கள். முத்திரை அங்கேதான் குத்தியிருப்பார்கள். துருவைச் சுரண்டாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரை ஆழமில்லாதது, ஒரு தேய்ப்பில் போய்விடும். துளி எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, பழந்துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தால் போதும்.

என் கத்தியில் தெரிந்தது இது: ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ஒரு மால்டாச் சிலுவை. அதற்குக் கீழே ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் என்ற பெயர். நடுவில் ஒரு கிரீடம், அதற்கு இருபுறமும் ஜி, ஆர் என்று இரண்டு எழுத்துகள். 'மாட்சிமை தங்கிய மன்னருக்குக் கத்தி செய்வோர்' என்ற பொருளில் ஒரு வரி. பின்பக்கம் ஷெஃபீல்ட், இங்கிலாந்து.

ஷெஃபீல்ட் நான் இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஊரில் கத்தி செய்வோர் சங்கம் ஒன்று 1624-ல் பாராளுமன்றச் சட்டம் மூலமாகவே அமைந்தது. அந்தக் காலத்தில் தொழில் செய்த ஒவ்வொருவரும் தன் முத்திரையை அங்கே பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் முத்திரையை இன்னொருவர் குத்தினால் வழக்கு. ராட்ஜர்ஸ் குடும்பத்துக்கு நட்சத்திரமும் சிலுவையும் கிடைத்தது 1764-ல். 1822-ல் மன்னர் நான்காம் ஜார்ஜின் அங்கீகாரமும் கிடைக்க, கிரீடமும் ராஜாவின் எழுத்துகளும் கத்தியில் ஏறின. விக்டோரியா காலத்துக் கத்தியில் வி ஆர். எட்வர்ட் காலத்தில் ஈ ஆர். ஜார்ஜ் என்றால் ஜி ஆர்.

இதில் ஒரு சிக்கல். ஜார்ஜ் ஒருவர் அல்ல. ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் 1936 முதல் 1952 வரை. அதற்கு நூறு வருஷம் முன்னால் நான்காம் ஜார்ஜ் வேறு. ஆகவே எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இங்கேதான் 'இங்கிலாந்து' என்ற சொல் உதவுகிறது. வெளிநாட்டுப் பொருள்மேல் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டது, அடுத்த வருஷம் அமலுக்கு வந்தது. அதன் பிறகுதான் நாட்டின் பெயரைக் குத்துவது வழக்கமாகப் பரவியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான்காம் ஜார்ஜ் கழன்றுகொள்கிறார். என் கத்தி 1910-க்குப் பிறகு பிறந்தது. பெரும்பாலும் 1952-க்கு முன்னால்.

அலகின் எஃகையும் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகை இதே ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-ல் கண்டுபிடித்தார். ஆனாலும் பேனாக்கத்திகள் அதற்குப் பிறகும் வெகுகாலம் பழைய கார்பன் எஃகிலேயே வந்தன. மாங்காய் வெட்டினால் கறுக்கிற கத்தி என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது. கறுப்பைப் போக்க நினைக்காதீர்கள். அந்தக் கறுப்பு துருவை ஓரளவு தடுக்கும், வயதுக்கும் அதுதான் அடையாளம்.

பிடி கொம்பா, எலும்பா, பிளாஸ்டிக்கா என்பது அடுத்த கேள்வி. கொம்பில் பள்ளங்கள் இயற்கையானவை, ஒரு பக்கம் இருப்பது போல் மறுபக்கம் இருக்காது. எலும்பு என்றால் பள்ளங்கள் இயந்திரத்தால் வெட்டியவை, ஒரே மாதிரி வரிசையாக ஓடும், லென்ஸில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். செல்லுலாய்டு என்றால் விரலால் பரபரவென்று தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வரும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், செல்லுலாய்டு பக்கென்று பற்றிக்கொள்ளும்.

என் கத்தியின் பிடி கொம்பு. ஷெஃபீல்ட் கத்திகளுக்கு மான்கொம்புப் பிடி என்றால் அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன கடமான் கொம்பு. அதாவது நம்ம மிளா! இரவிகுளத்துப் பக்கம் திரிகிறதே, அதே இனம். வருஷத்துக்கு ஒரு முறை காட்டில் உதிர்க்கும் கொம்பைப் பொறுக்கி, மூட்டை கட்டிக் கப்பலேற்றினார்கள். இரும்பும் உள்ளூர் இரும்பு அல்ல. ஷெஃபீல்டின் உயர்ந்த எஃகுக்கு நெடுங்காலம் சுவீடனிலிருந்துதான் இரும்பு வந்தது. சுவீடன் இரும்பு, இந்தியக் கொம்பு, இரண்டும் சேர்ந்து 'ஷெஃபீல்ட், இங்கிலாந்து' ஆகித் திரும்ப மலையேறி மூணாறுக்கு வந்திருக்கிறது. "நீ எந்த ஊரு?" என்று கேட்டால் இந்தக் கத்தியே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லும் :-)

நிற்க. இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்க முடிவது எதனால்? சரக்குக்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயருக்குச் சட்டக் காவல் இருந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் ஷெஃபீல்ட் பெயரில் விற்கப்படுகின்றன என்று இங்கே கூச்சல் எழுந்து, 1887-ல் பிரிட்டன் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பிறகு சோலிங்கனும் தன் பெயரைக் காக்க 1938-ல் சட்டம் வாங்கியது. கத்தி எந்த ஊரில் பிறந்தது என்பதில் இரண்டு நாடுகளுக்கு அவ்வளவு அக்கறை.

கத்தியைச் செய்தவர் பெயர்? அது எங்கும் இல்லை. ஒரு பேனாக்கத்தி அடிப்பவர், சாணை பிடிப்பவர், பிடி பொருத்துபவர் என்று பல கை மாறித்தான் முழுமையாகும். அலகின்மேல் இருப்பது கம்பெனி முதலாளி குடும்பத்தின் பெயர் மட்டும். சாணைக்கல்லில் பறக்கும் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சு நொந்து, நடுவயதைக்கூடப் பார்க்காமல் செத்த சாணைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஷெஃபீல்டில் ஏராளம். அந்த நோய்க்கே 'சாணைக்காரன் இளைப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நோய்க்குப் பெயர் கிடைத்தது, நோயாளியின் பெயர் அலகில் ஏறவில்லை. அந்த முனையில் பெயரில்லாத ஒரு தொழிலாளி செய்ததை, இந்த முனையில் பெயரில்லாத இன்னொரு தொழிலாளி மடியில் கட்டியிருக்கிறார்.

அம்மா வழித் தாத்தாவின் கத்தி வேறு ரகம். அவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரர், கள் இறக்குகிறவர். கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்கு இன்றும் பெருமளவு கள் போவது அந்தச் சித்தூர்ப் பக்கத்திலிருந்துதான். அவருடைய பாளை அரிவாளில் முத்திரை எதுவும் கிடையாது. உள்ளூர்க் கொல்லர் அடித்தது. ஆனால் வளைவையும் பிடிப்பூணையும் பார்த்தே இன்னார் பட்டறை என்று அந்த ஊர் மரமேறிகள் சொல்லிவிடுவார்களாம். பதிவேடு வேண்டியிருக்கவில்லை, தெரிந்த கண்கள் இருந்தன. இப்போது பட்டறையும் இல்லை, அந்தக் கண்களும் இல்லை. ராட்ஜர்ஸ் கத்தியை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து என்னால் அடையாளம் காண முடிகிறது. சொந்தத் தாய்வழித் தாத்தாவின் அரிவாளை யார் அடித்தார் என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

இப்போது அப்பாவின் கதைக்கு வருகிறேன். கத்தியில் இருப்பது நல்ல கம்பெனி முத்திரை என்று தெரிந்தவுடன், "பாத்தியா, அப்ப தொரை குடுத்ததேதான்" என்றார் சித்தப்பா. எனக்கு இது ஒப்பவில்லை. முத்திரை சொல்வது கத்தி எங்கே செய்யப்பட்டது என்பதை மட்டும். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. ராட்ஜர்ஸ் கத்தி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் செய்த பொருளும் அல்ல. உலகமெங்கும் கடைகளில் விற்ற சரக்கு. அதன் பெயருக்கு இருந்த மவுசில் போலிகளே ஏகப்பட்டது வந்தன. காசு இருந்தவன் வாங்கினான். தாத்தா சீட்டாட்டத்தில் ஜெயித்ததாகக்கூட இருக்கலாம், யார் கண்டது?

மலைத்தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு பொருள் இருக்கும். தொரை கொடுத்த கடிகாரம், தொரைசானி கொடுத்த பீங்கான் கோப்பை, தொரை கொடுத்த கம்பளிக் கோட்டு. சிலது நிஜமாகவே கொடுத்ததாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எல்லா நல்ல பொருளும் மேலேயிருந்து இறங்கி வந்ததாகவே நாம் ஏன் சொல்லிக்கொள்கிறோம்? ஒரு கூலிக்காரர், தன் சம்பளத்தில், தன் கண்ணுக்குப் பிடித்த ஒரு நல்ல கத்தியைப் பேரம் பேசி வாங்கியிருப்பார் என்று அவர் பேரப்பிள்ளைகளுக்கே நம்பிக்கை வரவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பரிசு என்றால் அதில் கொடுத்தவருக்குத்தான் பெருமை. வாங்கியது என்றால் அதில் தாத்தா இருக்கிறார். அவருடைய ஆசை இருக்கிறது, ரசனை இருக்கிறது, பாட்டியின் இரண்டு நாள் கோபமும் இருக்கிறது. அத்தையின் கதைக்குத்தான் என் ஓட்டு. அந்தக் கோபத்தை யாரும் மெனக்கெட்டுக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இது வெறும் வீட்டுப் பெருமைச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் "எங்கேயிருந்து வந்தாய், எப்போது வந்தாய்" என்ற கேள்வி இன்றைக்கும் ஆளின் வாழ்க்கையை நிர்ணயிக்கிற கேள்வி. கேரளத்தில் தமிழ்நாட்டு வழிவந்த பட்டியல் சாதிக் குடும்பம் ஒன்றுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், குடியரசுத் தலைவரின் உத்தரவு வந்த 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே முன்னோர் அங்கே குடியிருந்தார்கள் என்று காட்ட வேண்டும். என் சொந்தத்தில் ஒரு பெண், கல்லூரிச் சேர்க்கைக்காக ஓர் அலுவலகத்தில் நின்றபோது இதைத்தான் கேட்டார்கள். அவள் பாட்டன் பாட்டி எல்லோரும் அந்த மலையிலேயே புதைந்தவர்கள். காகிதம்தான் இல்லை.

காகிதம் எப்படி இருக்கும்? தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததே 1951-ல். வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952-ல். நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல். சாதாரணத் தொழிலாளியின் பெயரை எழுதி வைக்கிற ஏற்பாடுகள் பெரும்பாலும் அந்த 1950-க்குப் பிறகுதான் தொடங்கின. அதற்கு முந்தையதைக் கேட்கிறார்கள். தேவிகுளத்தில் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆ. ராஜாவின் வழக்கிலேயே இந்தப் பூர்வீகக் கேள்வி உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் வரை போனது. அவருடைய 2021 வெற்றி செல்லாது என்று 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து, வெற்றி செல்லும் என்றது. சட்டமன்ற உறுப்பினரால் டில்லி வரை போக முடியும். கொழுந்து கிள்ளுகிறவரின் மகளால் முடியுமா?

இதில் இன்னொரு வேடிக்கை. கொழிஞ்சாம்பாறைத் தாத்தா வாழ்நாளில் வீடே மாற்றியதில்லை. பிறந்தது கொச்சி ராஜ்ஜியத்தில், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில், 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தில். பக்கத்துப் பாலக்காடோ அதுவரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். அதே 1956-ல் தமிழர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன, கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. மூணாறு இருக்கிற இடுக்கி மாவட்டம் உண்டானதே 1972-ல். மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கோடுதான் நகர்ந்தது. பிறகு அந்த மனிதர்களைப் பார்த்து, "நீ எந்த ஊர்க்காரன்?" என்று கேட்கிறார்கள்.

என் கத்தி 1952-க்கு முந்தையது என்பது எந்தத் தாசில்தாரிடமும் செல்லாது. தெரியும். ஆனால் கத்தியை அடையாளம் கண்ட அதே முறையை மனிதர்களுக்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. பெரியவர்களுக்கு வருஷம் தெரியாது, நிகழ்ச்சி தெரியும். எங்கள் பூட்டன் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு மலையேறியது "வெள்ளத்துக்கு அடுத்த வருஷம், ரயிலு போனதுக்கப்புறம்" என்று தாத்தா சொல்வாராம். கொல்லம் ஆண்டு 1099-ல் வந்த பெருவெள்ளம், மூணாறின் குண்டளை ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது, 1924 ஜூலையில். ஆக, இவர்கள் வந்தது 1925. ஜி ஆர் முத்திரையைவிட இது எவ்வளவு துல்லியம் பாருங்கள்! அதோடு எந்தக் கங்காணி கூட்டிவந்தார், எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்று தெரிந்துவிட்டால், எந்தப் பழைய செக்ரோலைத் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதாவது தெரியும். கிடைக்குமா என்பது வேறு கதை. தேடுகிற இடம் தெரியாமல் கேட்டால் நிச்சயமாகக் கிடைக்காது.

ஆகவே ஊருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். எந்த வழியாக மலையேறினீர்கள், குரங்கணி வழியா வேறு வழியா? கங்காணி பேர் என்ன, அவர் எந்த ஊர்? முதலில் பேர் பதிந்தது எந்த டிவிஷனில்? செக்ரோல் நம்பர் ஞாபகம் இருக்கிறதா? (பலருக்கு இருக்கும், பிள்ளைகள் பிறந்த தேதி மறந்திருந்தாலும் அந்த நம்பர் மறக்காது.) பெரியவர்களை எந்தக் கோயில், எந்தச் சர்ச்சுப் பக்கம் புதைத்தீர்கள்? கூடவே வீட்டில் கிடக்கும் பழைய கத்தி, கவ்வாத்துக் கத்தி, தகர டப்பா எதையாவது கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். பொருள் கையில் இருந்தால் பேச்சு தானாக வரும்.

"யார் குடுத்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தொரை வந்துவிடுவார். "எப்படிக் கெடச்சது?" என்று கேளுங்கள்.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்த டிசம்பரில் பத்து நாள் லீவு சொல்லியிருக்கிறேன். போடியில் எந்தக் கடை, என்ன விலை, பாட்டி மூன்றாம் நாள் எதற்காகப் பேசினாள் என்பதையெல்லாம் அவர் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.